முதல் கட்டண விமானம்: ஃப்ளைட் சிமுலேட்டரில் புதியவர்கள் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃப்ளைட் சிமுலேட்டரில் சில மாதங்கள் பறந்து பழகியவர்களுக்கு, அதனுடன் வரும் விமானங்கள் போதவில்லை என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் எழுவது இயல்பு. உண்மையான பயணிகள் விமானத்தின் பெரும்பாலான சுவிட்சுகளையும் இயக்கிப் பார்க்கும்படி தனி நிறுவனங்கள் உருவாக்கி விற்கும் ஆட்-ஆன் விமானங்கள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. அவற்றுள் பலவற்றின் விலை சிமுலேட்டரின் விலையை நெருங்கும். சிலவற்றின் விலை அதையும் தாண்டும். இத்தனைக்கும் "எது மிகச் சிறந்த விமானம்?" என்று யாரையாவது கேட்டு, அதிகம் பேர் சொல்லும் பெயரை வாங்கிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அந்தக் கேள்வியே பொருத்தமற்றது என்பது என் கருத்து. உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தையும், உங்கள் கணினியையும், கையில் பிடித்து ஓட்டும் கருவியையும் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எந்த விமானத்தைப் புறப்பாட்டிலிருந்து எஞ்சினை நிறுத்துவது வரை ஓட்டி முடிக்க முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பின்வரும் படிகள் அனைத்தும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்கானவை.

செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தை எழுப்பவும் இறக்கவும் உங்களுக்குத் தெரியும் என்றும், உயரம், வேகம், திசை ஆகியவற்றை ஆட்டோபைலட்டில் அமைத்துப் பழகியிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அதுவும் இன்னும் கைவரவில்லை என்றால், வாங்குவதைத் தள்ளிப்போடுவதில் எந்த நட்டமும் இல்லை.

முதல் படி: இலவச விமானத்தின் எல்லையைத் தொடுங்கள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு, ஃப்ளைபைவயர் குழுவினர் திறந்த மூல நிரலாக உருவாக்கிய ஏ32என்எக்ஸ் என்னும் ஏர்பஸ் ஏ320நியோ இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்-பிளேன் 12 வைத்திருப்பவர்களுக்கு, அந்தச் சிமுலேட்டருடன் வரும் போயிங் 737-800ஐ அடிப்படையாகக் கொண்டு விரித்தெழுதப்பட்ட ஜீபோ 737 இலவசமாக உண்டு. இலவசம் என்பதால் இவற்றைக் குறைத்து எடைபோட வேண்டாம். விலை கொடுத்து வாங்கும் விமானங்கள் சிலவற்றைவிட இவை ஆழமானவை.

இவற்றுள் ஒன்றை எடுத்து, மின்சாரம் முழுவதும் அணைந்த நிலையிலிருந்து தொடங்கி, காணொளி எதையும் பக்கத்தில் ஓடவிடாமல், சரிபார்ப்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து பயணங்களை முடியுங்கள். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் உங்களுக்கு எது குறையாகப் பட்டது என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஐந்து முடிந்ததும் அந்த வரிகளைப் படித்தால் அவை இரண்டு வகையாகப் பிரியும். "எப்போது கீழிறங்கத் தொடங்குவது என்று தெரியவில்லை", "கடைசி நேரத்தில் வேகம் குறையவே இல்லை" போன்றவை கற்றலின் குறைகள். எந்த ஆட்-ஆனும் இவற்றைத் தீர்க்காது, விலை கூடிய விமானத்திலும் அவை அப்படியே தொடரும். "எனக்குப் பிடித்த 737 இந்தச் சிமுலேட்டரில் ஆழமாக இல்லை", "பழுது ஏற்பட்டால் கையாண்டு பார்க்க முடியவில்லை" போன்றவை விமானத்தின் குறைகள். இரண்டாவது வகையில் ஒரு வரியாவது இருந்தால்தான் பணம் செலவழிக்கக் காரணம் இருக்கிறது. வெளித்தோற்றமும் நிறுவன வண்ணங்களும் மட்டுமே குறை என்றால், இலவச விமானங்களுக்கே ஏராளமான வண்ணப்பூச்சுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: சிமுலேட்டரின் பெயரையும் பதிப்பையும் உறுதி செய்யுங்கள்

எக்ஸ்-பிளேனுக்கான விமானம் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இயங்காது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், ஒரே நிறுவனம் ஒரே விமானத்தை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிமுலேட்டர்களுக்கு வெளியிட்டிருப்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் 737 வரிசை 2011இல் மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்.எஸ்.எக்ஸுக்கும், பின்னர் பிரிபேர்3டி என்ற வேறொரு சிமுலேட்டருக்கும், 2022இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கும் தனித்தனிப் பொருளாக வந்தது. தேடலில் இவற்றின் படங்களும் மதிப்புரைகளும் கலந்தே வரும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்புக்காக வாங்கியது 2024 பதிப்பிலும் ஓடுமா, அதற்கெனத் தனியாகச் செய்யப்பட்ட வடிவம் உண்டா, அதற்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. விற்பனைப் பக்கத்தில் உங்கள் பதிப்பின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். எக்ஸ்பாக்ஸில் பறப்பவர்கள், சிமுலேட்டருக்குள்ளேயே உள்ள சந்தையில் கிடைப்பதை மட்டுமே வாங்க முடியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தனி நிரல் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு இயங்கும் விமானங்களுக்குக் கணினி கட்டாயம்.

மூன்றாம் படி: கையில் இருக்கும் நேரத்தை அளந்து பாருங்கள்

போயிங் 777, ஏர்பஸ் ஏ350, ஏ380 போன்ற பெரிய விமானங்களின் மீது முதலில் ஆசை வருவது இயற்கை. ஆனால் 12 மணி நேரப் பயணம் ஒன்றில் ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும்தான் இருக்கும். நடுவில் உள்ள நேரத்தின் பெரும்பகுதியில் விமானம் தானாகவே நேராகப் பறந்துகொண்டிருக்கும். அதே 12 மணி நேரத்தை 737 அல்லது ஏ320இல் செலவிட்டால், ஆயத்தப் பணிகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஐந்தாறு பயணங்கள் முடியும். தயார் செய்வது, ஏறுவது, இறங்குவது, வேகத்தைக் குறைப்பது, ஓடுபாதையில் நிறுத்துவது ஆகிய வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் விமானம் கைக்குப் பழகுகிறது. காலத்தை வேகப்படுத்தும் வசதி உண்டே என்று சிலர் சொல்வார்கள். அந்த வசதியை ஒவ்வொரு முறையும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று இப்போதே தெரிந்தால், அந்த விமானம் உங்கள் நேரத்துக்குப் பொருந்தவில்லை என்றே பொருள்.

ஒரு மாலையில் உங்களுக்கு உண்மையாகக் கிடைக்கும் நேரத்திலிருந்து, ஆயத்தத்துக்கு அரை மணியும் தரையிறங்கிய பிறகு கால் மணியும் கழித்துவிடுங்கள். மிச்சமிருப்பதே பறக்கும் நேரம். அது ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குமானால், 737, ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களையோ அதைவிடச் சிறிய பிராந்திய விமானங்களையோ மட்டும் பட்டியலில் வையுங்கள்.

பிராந்திய விமானங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. விமானம் சிறியது, ஆகவே எளிது என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏ.டி.ஆர். 72-600இல், உந்துவிசையைத் தானே கூட்டிக் குறைத்து வேகத்தைக் காக்கும் ஆட்டோ த்ராட்டில் கிடையாது, சி.ஆர்.ஜே. விமானங்களிலும் பொதுவாக அது இருப்பதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையை நெருங்கும்போதும் வேகத்தைக் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைத்திருக்க, உந்துவிசையை மறந்துவிட்டீர்கள் என்றால் வேகம் சத்தமில்லாமல் சரிந்துகொண்டே போகும். பழைய விமானங்களும் அப்படித்தான்: பி.ஏ.இ. 146க்கு நான்கு எஞ்சின்கள் இருந்தும் எதிர் உந்துவிசை இல்லை, வால் நுனியில் இரண்டாகப் பிளந்து விரியும் வேகத்தடையை நம்பித்தான் இறங்க வேண்டும். 747-200இல் மூன்றாவது ஆளாக அமர்ந்திருந்த விமானப் பொறியாளரின் வேலையையும் நீங்களே செய்ய வேண்டும். இவை ஒவ்வொன்றும் சுவையானவை என்றாலும், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்குவதற்கு உரியவை என்பேன்.

நான்காம் படி: ஏர்பஸ்ஸா, போயிங்கா

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படியில்தான் முடிவு பிறக்கும். எந்த நிறுவனம் உயர்ந்தது என்ற விவாதத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு விமானங்களும் உங்கள் மேசையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் பார்ப்போம்.

ஏ320இல் விமானிக்கு இருப்பது பக்கவாட்டில் பொருத்தப்பட்ட ஒரு சிறிய குச்சி. வீட்டில் பயன்படுத்தும் சாதாரண ஜாய்ஸ்டிக்கும் ஏறக்குறைய அதேதான். குச்சியைத் தள்ளியோ இழுத்தோ மூக்கின் நிலையை அமைத்துவிட்டுக் கையை எடுத்தால், விமானம் அந்தப் பாதையிலேயே நிற்கும். கை அழுத்தம் இல்லாமலே மூக்கின் நிலையைப் பிடித்து வைக்க உதவும் டிரிம் சக்கரத்தை வழக்கமான பறத்தலில் தொட வேண்டியதில்லை. இயல்பு நிலையில் 33 பாகைக்கு மேல் சாய்த்துவிட்டுக் குச்சியை விட்டால் அது தானாகவே 33 பாகைக்குத் திரும்பும். 67 பாகையைத் தாண்டி உங்களால் சாய்க்கவே முடியாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதன் மின்னாக்கி தானாக மின்வழியில் இணைந்துகொள்ளும். பழுது ஏற்பட்டால், என்ன நடந்தது என்பதையும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் நடுத் திரை வரிசையாகக் காட்டும்.

737 இதற்கு நேர் எதிரான விமானம். அது முதன்முதலில் பறந்தது 1967இல்; இன்று சிமுலேட்டர்களில் அதிகம் காணப்படும் 737-800 பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்ததாயினும், தலைக்கு மேலுள்ள சுவிட்சுப் பலகையில் அந்தக் காலத்துச் சிந்தனை இன்னும் குடியிருக்கிறது. எஞ்சின்களை ஓடவிட்ட பிறகு இரண்டு மின்னாக்கிகளையும் நீங்களே சுவிட்சைத் தட்டி இணைக்க வேண்டும். அதை மறந்து, தரையில் இருக்கும்போதே வாலில் உள்ள துணை எஞ்சினை நிறுத்திவிட்டால், திரைகளில் பெரும்பகுதி அணைந்து விமானி அறை இருண்டுவிடும். வேகம் மாறும்போதெல்லாம் டிரிம் தேவை. பழுது வந்தால் விளக்கு எரியும். என்ன செய்வது என்பதை நீங்கள்தான் கையேட்டில் தேடிப் படிக்க வேண்டும். ஒரு விமானத்தின் மின்சாரமும் காற்றும் எரிபொருளும் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை; முதல் வாரத்தில் களைப்பூட்டும் ஆசிரியரும் இதுவே.

உந்துவிசை நெம்புகோலில்தான் இரண்டுக்குமான வேறுபாடு மிக நன்றாகத் தெரியும். 737இல் ஆட்டோ த்ராட்டில் இயங்கும்போது விமானி அறையில் உள்ள நெம்புகோல்கள் தாமாகவே முன்னும் பின்னும் நகரும். உங்கள் மேசையில் உள்ள நெம்புகோல் நகராது. தரையிறங்கும் முன் ஆட்டோ த்ராட்டிலை விடுவிக்கும் நொடியில், மேசை நெம்புகோல் எங்கே விடப்பட்டிருந்ததோ அந்த அளவுக்கு உந்துவிசை பாய்ந்துவிடும். ஆகவே விடுவிக்கும் முன் திரையில் தெரியும் நெம்புகோலின் நிலைக்கு உங்கள் நெம்புகோலைக் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் வேண்டும். இதைச் சமாளிக்க ஆட்-ஆன்களில் தனி அமைப்புகளும் உண்டு.

ஏ320இல் நெம்புகோல்கள் தாமாக நகர்வதில்லை. அவற்றுக்கென்று குறிப்பிட்ட பள்ளங்கள் உள்ளன: முழு விசை, அதற்குக் கீழே குறைத்த விசையிலான புறப்பாட்டுக்கான பள்ளம், அதற்கும் கீழே ஏற்றம், பிறகு வெறும் ஓட்டம். புறப்பட்டு, தரையிலிருந்து பொதுவாக 1,000 முதல் 1,500 அடி உயரத்தில் முதன்மைத் திரையின் உச்சியில் குறிப்பு ஒன்று மின்னும்போது நெம்புகோலை ஏற்றப் பள்ளத்துக்கு இழுத்து விட்டால், தரையிறங்கும் வரை அது அங்கேயே இருக்கும். தரைக்கு 20 அடி உயரத்தில் விமானமே குரல் கொடுத்து நெம்புகோலை முழுவதும் இழுக்கச் சொல்லும். பள்ளங்கள் இல்லாத சாதாரண ஜாய்ஸ்டிக்கிலும் இதைச் செய்யலாம். ஆனால் வாங்கிய அன்றே, விமானத்துக்குள் உள்ள டேப்லெட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உரிய எல்லையைச் சற்று அகலமாகப் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையேல் நெம்புகோல் ஏற்றப் பள்ளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். ஏன் வேகம் கட்டுக்குள் வரவில்லை என்று தேடிக் களைத்துப்போவீர்கள்.

ஏ320க்கும் தனிச் சிக்கல் உண்டு. வேகம், திசை, உயரம் ஆகியவற்றுக்கான குமிழ்களை உள்ளே தள்ளினால் கணினி பார்த்துக்கொள்ளும். வெளியே இழுத்தால் நீங்கள் அமைத்த எண்ணைப் பின்பற்றும். மவுஸில் இந்த இரண்டுக்கும் வேறுவேறு சொடுக்கு இருப்பதால், தள்ளியதாக நினைத்து இழுத்துவிடுவது எளிது. ஒவ்வொரு சொடுக்குக்குப் பிறகும் முதன்மைத் திரையின் உச்சி வரியைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

என் பரிந்துரை இது: கையில் ஒற்றை ஜாய்ஸ்டிக் மட்டும் உள்ளவர்கள் ஏ320 குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். டிரிம் பொத்தானுள்ள, கார் ஸ்டீயரிங் போன்ற யோக்கும் தனி நெம்புகோலும் வைத்திருந்து, ஒவ்வொரு சுவிட்சையும் தாமே இயக்க வேண்டும் என்ற ஆசையும் உள்ளவர்களுக்கு 737 ஏற்றது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 2022இல் வெளியான ஃபீனிக்ஸ் ஏ320, பி.எம்.டி.ஜி. 737 ஆகியவையும், எக்ஸ்-பிளேனில் டோலிஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் வரிசையும் இந்த இரண்டு வழிகளிலும் பலர் முதலில் அடையும் பெயர்கள். ஏ32என்எக்ஸில் பழகியவர்களுக்கு ஃபீனிக்ஸின் விமானி அறை பெரும்பாலும் அறிமுகமானதாகவே இருக்கும். ஒன்று நியோ, மற்றது அதற்கு முந்தைய தலைமுறை. எக்ஸ்-பிளேனில் 737 வேண்டுமென்றால் ஜீபோவே போதும். அந்தப் பணத்தை ஏர்பஸ்ஸுக்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

ஐந்தாம் படி: கணினி தாங்குமா என்று சோதியுங்கள்

மதிப்புரையாளரின் கணினி உங்கள் கணினி அல்ல. விற்பனைப் பக்கத்தில் குறிப்பிடப்படும் குறைந்தபட்சத் தேவையும் பெரும்பாலும் சிமுலேட்டரின் தேவையையே திருப்பிச் சொல்கிறது. நம்பத்தக்க சோதனை ஒன்று உங்களிடமே இருக்கிறது. இலவச ஏர்பஸ்ஸையோ போயிங்கையோ பெரிய விமான நிலையம் ஒன்றின் வாயிலில் நிறுத்தி, எல்லாத் திரைகளையும் எரியவிட்டு, நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் வருகின்றன என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் பயன்முறையை இயக்கினால் அந்த எண்ணையும், வேகத்துக்கான தடை செயலியிலா வரைகலை அட்டையிலா என்பதையும் திரையின் ஓரத்தில் காணலாம். ஆழமான ஆட்-ஆன்கள் ஒவ்வொரு அமைப்பையும் தொடர்ந்து கணக்கிட்டுக்கொண்டே இருப்பதால் பொதுவாகச் செயலியில்தான் சுமை ஏறும். இலவச விமானத்திலேயே 30க்குக் கீழே விழுந்து, தடை செயலியில் என்று காட்டினால், படத்தரத்தைக் குறைப்பதால் பெரிய பயன் இராது; தரை வாகனங்கள், நிலத்தின் விரிவு, பிற விமானங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தடை வரைகலை அட்டையின் நினைவகத்தில் என்றால், சிறிய அளவுப் படங்களுடன் கூடிய வடிவம் அந்த ஆட்-ஆனில் தரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: விளம்பரச் சொல்லைத் தாண்டிப் பாருங்கள்

விற்பனைப் பக்கங்களில் "ஸ்டடி லெவல்" என்ற சொல்லை அடிக்கடி காண்பீர்கள். உண்மையான விமானத்தின் கையேட்டை வைத்துப் படிக்கும் அளவுக்கு ஆழமானது என்பது அதன் பொருள். அதற்கு வரையறையும் கிடையாது, அதைச் சான்றளிக்கும் அமைப்பும் கிடையாது. விற்பவர் விரும்பினால் எழுதிக்கொள்ளலாம். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, யாராவது ஒருவர் வெட்டாமல் பதிவு செய்த முழுப் பயணக் காணொளி ஒன்றைத் தேடி எடுங்கள். அழகான சூரிய உதயக் காட்சிகளைத் தள்ளிவிட்டு மூன்று இடங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, கீழிறங்கும் கட்டம். ஆயிரம் அடி உயரத்துக்கு மூன்று கடல் மைல் என்ற பழைய கணக்கின்படி 36,000 அடியிலிருந்து இறங்க ஏறக்குறைய 108 கடல் மைல் வேண்டும். பின்காற்று இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். விமானக் கணினி இறங்கத் தொடங்கக் குறிக்கும் புள்ளி இதற்கு அருகில் இருக்கிறதா, வழியில் "இந்தப் புள்ளியை 10,000 அடிக்குக் கீழே கடக்காதே" என்பது போன்ற கட்டுப்பாடுகளை மதிக்கிறதா, அல்லது உயரம் மிஞ்சி ஓட்டுபவர் வேகத்தடையை விரித்துத் தவிக்கிறாரா என்று பாருங்கள். மலிவான ஆட்-ஆன்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டாவது, தரையிறங்காமல் மீண்டும் எழும் கோ-அரவுண்ட். ஓடுபாதைக்குச் சில நூறு அடி உயரத்தில் அதற்கான பொத்தானை அழுத்தியதும், அல்லது ஏர்பஸ்ஸில் நெம்புகோலை முழுவதும் முன்தள்ளியதும், மூக்கு உயர வேண்டும், திரையின் உச்சி வரி மாற வேண்டும், அதற்கென வகுக்கப்பட்ட பாதை தொடர வேண்டும். விமானம் குழம்பி இறங்கும் பாதையையே தேடிக்கொண்டிருந்தால் அந்த ஆட்-ஆன் இன்னும் முற்றுப்பெறவில்லை.

மூன்றாவது, கடைசி 50 அடி. உண்மையான ஏ320இல் 50 அடியில் கட்டுப்பாட்டு முறை மாறி, 30 அடிக்குக் கீழே விமானமே மூக்கை மெல்லக் கீழே சாய்க்கும். விமானி குச்சியை இழுத்துத்தான் சமன்செய்ய முடியும். நல்ல ஆட்-ஆன் இதைக் கையில் உணர்த்தும். வெறும் பார்வையாளராக இதை அறிவது கடினம் என்பதால், ஓட்டுபவர் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

இவற்றோடு, கடைசியாகப் புதுப்பிப்பு எப்போது வந்தது என்பதையும், அந்தப் புதுப்பிப்பில் திருத்தப்பட்டவை என்னென்ன என்பதையும் படித்துவிடுங்கள். திருத்தங்களின் நீண்ட பட்டியலைக் கண்டு அஞ்ச வேண்டாம். நெடுங்காலமாகப் புதுப்பிப்பே வராத பொருளைக் கண்டுதான் அஞ்ச வேண்டும், ஏனெனில் சிமுலேட்டர் மாறிக்கொண்டே இருக்கிறது. புதியவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று, ஆட்-ஆனுடன் வரும் ஆவணங்கள். ஒரு பயணத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை படத்துடன் விளக்கும் பயிற்சிக் கையேடு இருக்கிறதா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான பழுதுகளை உருவாக்கிக் காட்டும் வசதியைவிட, முதல் ஆண்டில் உங்களுக்கு அந்தக் கையேடே அதிகம் பயன்படும்.

ஏழாம் படி: எங்கே வாங்குவது

விமானத்தை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்தில் வாங்கினால் புதுப்பிப்பு உடனுக்குடன் கிடைக்கும். சிமுலேட்டருக்குள் உள்ள சந்தையில் வாங்கினால் நிறுவுவது எளிது. ஆனால் புதுப்பிப்புகள் சரிபார்ப்பு முடிந்த பிறகே வரும் என்பதால் தாமதமாகலாம். கணினியில் பறப்பவர்களுக்கு முதல் வழியே மேல். பதிவிறக்கப் பொருள்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் கடைகள் பல உள்ளன. பணம் கட்டும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள். 737இன் 600, 700, 800, 900 வகைகள் தனித்தனியாக விற்கப்பட்டால் 800 ஒன்றை மட்டும் வாங்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் மலிவு என்ற கணக்கு, எல்லாவற்றையும் ஓட்டுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். முற்றுப்பெறாத நிலையில் முன்கூட்டியே விற்கப்படும் விமானத்தை முதல் விமானமாக எடுக்க வேண்டாம்; தவறு உங்களுடையதா விமானத்துடையதா என்று பிரித்தறியும் அனுபவம் வந்த பிறகு அதை வாங்கிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: கூடவே வரும் செலவுகள்

வானவழிப் புள்ளிகள், ஓடுபாதைகள், வருகைப் பாதைகள் ஆகியவற்றின் தரவு உலகம் முழுவதும் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இதைச் சந்தா முறையில் தரும் நாவிகிராஃப் நிறுவனத்தின் சேவையை அனுபவசாலிகள் உடனே வாங்கச் சொல்வார்கள். முதல் சில மாதங்களுக்கு அது கட்டாயமில்லை. பயணத் திட்டத்தையும் எரிபொருள் கணக்கையும் தயாரித்துத் தரும் சிம்பிரீஃப் சேவையை இலவசமாகவே பயன்படுத்தலாம்; ஆனால் சந்தா இல்லாதவர்களுக்கு அதில் கிடைப்பது பழைய தரவு. விமானத்துக்குள் இருக்கும் தரவின் காலமும் திட்டத்தின் காலமும் வேறாக இருந்தால், நீங்கள் தட்டும் புள்ளியின் பெயர் தரவுத் தொகுப்பில் இல்லை என்று விமானக் கணினி மறுத்துவிடும். விமானம் பழுதாகிவிட்டது என்று பதறாமல், அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததற்கு நேராகச் செல்ல வழிகாட்டினால் பயணம் தொடரும். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி நேர்ந்து எரிச்சலூட்டத் தொடங்கும்போது சந்தாவை யோசிக்கலாம்.

ஒலித் தொகுப்பு, தரைச் சேவை வாகனங்கள், கூடுதல் விமான நிலையங்கள் என்று அடுத்தடுத்து ஆசை காட்டும் பொருள்கள் நிறைய உண்டு. அவை எதுவும் இப்போது வேண்டாம்.

ஒன்பதாம் படி: வாங்கிய பின் முதல் மாதம்

முதல் நாளிலேயே முற்றிலும் அணைந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலான ஆட்-ஆன்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலும் புறப்படத் தயாரான நிலையிலும் விமானத்தைத் தருகின்றன. பறப்பது எப்படி இருக்கிறது என்பதை முதலில் பழகிவிட்டு, பிறகு பின்னோக்கிச் சென்று தொடக்க நிலைகளைக் கற்பது எளிது. விமானம் தன் இருப்பிடத்தை உணரும் கருவிகள் சீரமைய உண்மையில் சுமார் 10 நிமிடங்கள் பிடிக்கும். அமைப்புகளில் இதை விரைவாக முடிக்கும் வசதி இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள இரண்டு விமான நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கிடையே மட்டும் போய்வந்துகொண்டிருங்கள். பாதையும் ஓடுபாதையும் மாறாமல் இருந்தால், ஒவ்வொரு பயணத்திலும் மாறுவது உங்கள் கை மட்டும்தான். எது தேறியது, எது தேறவில்லை என்பது தெளிவாகத் தெரியும். முதலில் தெளிந்த வானிலை, அடுத்து பக்கக்காற்று, அதன் பிறகு உண்மையான நேரடி வானிலை என்ற வரிசை நல்லது.

ஒவ்வொரு பயணத்திலும் எடையை உள்ளிடும் முன் அலகைப் பாருங்கள். சிம்பிரீஃப் கிலோகிராமில் கணக்குத் தந்து, விமானத்தின் டேப்லெட் பவுண்டில் இருந்தால், எண்கள் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். 60 டன் என்பது பவுண்டில் ஏறக்குறைய 1,32,000. எரிபொருள் சேர்க்காத எடை கேட்கப்படும் இடத்தில் மொத்த எடையைத் தட்டுவதும் இதே வகைத் தவறு. இரண்டிலும் விமானம் பறக்கத்தான் செய்யும். ஆனால் புறப்பாட்டு வேகங்களும் இறங்கும் வேகமும் பொய்யாகிவிடும், ஓடுபாதையில் விமானம் ஏன் எழ மறுக்கிறது என்பது விளங்காது.

வாட்சிம், இவாவ் போன்ற இணைய வலையமைப்புகளில் உண்மையான மனிதர்கள் கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்திருப்பார்கள். அங்கே செல்லும் ஆசையை முதல் மாதத்தில் அடக்கிவைத்து, நான்கு காரியங்களைக் கையேட்டைப் பாராமல் சில நொடிகளில் செய்யப் பழகுங்கள்: சொன்ன திசைக்குத் திருப்புவது, சொன்ன உயரத்துக்கு மாற்றுவது, சொன்ன வேகத்துக்குக் குறைப்பது, பாதையில் உள்ள ஒரு புள்ளிக்கு நேராகச் செல்ல விமானக் கணினியில் அமைப்பது. இந்த நான்கும், கூடவே ஓடுபாதை கடைசி நேரத்தில் மாற்றப்பட்டால் புதிய வருகைப் பாதையை ஏற்றுவதும் தடுமாறாமல் வந்துவிட்டால், நெரிசல் குறைந்த நேரத்தில் சிறிய விமான நிலையம் ஒன்றிலிருந்து உங்கள் முதல் இணையப் பயணத்தைத் தொடங்கலாம்.